யாஸ்மினும் ஜாஸ்மினும்

சங்கரன்கோவில் பக்கத்துப் பள்ளிகளில் ஒரே வகுப்பில் யாஸ்மினும் இருப்பாள், ஜாஸ்மினும் இருப்பாள். இரண்டும் ஒரே பூவின் பெயர் என்று அந்தப் பிள்ளைகளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஊரின் பூ மார்க்கெட்டில் மல்லிகைக்குப் பக்கத்தில் பிச்சியும் குவிந்திருக்கும். மொட்டின் முதுகில் இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் அது பிச்சி. வேறு ஊர்களில் சாதிமல்லி என்பார்கள். தெற்குப் பிரான்சில் கிராஸ் நகரத்து வாசனைத் தைலக்காரர்கள் காலங்காலமாகப் பயிரிட்டதும் இதே இனம்தான். 1921-இல் வந்த ஷனெல் நம்பர் 5 செண்டிலும் அதற்குப் பங்குண்டு.

பிரெஞ்சில் அதன் பெயர் 'ஜஸ்மேன்'. கடைசி 'ன்' மூக்கிலேயே நின்றுவிடும். அந்தச் சொல் அரபியின் 'யாசமீன்'. அரபிக்கு அது பாரசீகத்தின் 'யாசமன்' தந்தது. முன்னால் நின்ற 'யா' எப்படி 'ஜ' ஆயிற்று? தமிழ் வேதாகமத்தின் யோசேப்பு பிரெஞ்சில் ஜொசெஃப், யாக்கோபு, ஜாக். பூவும் அதே வழியில் போயிருக்கிறது. யாஸ்மின் அரபி வாசலில் நிற்கிறாள், ஜாஸ்மின் ஐரோப்பாவைச் சுற்றி வந்திருக்கிறாள்.

சொல்லோடு கைப்பக்குவமும் பயணப்பட்டது. வெள்ளைப் பூக்களை நல்லெண்ணெயில் ஊறவைத்துப் பாரசீகர்கள் செய்த தைலத்தை, 1-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் இந்தப் பெயரிலேயே எழுதிவைத்தார். கிராஸில் எண்ணெய்க்குப் பதில் கொழுப்பு. கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவிப் பூவைப் பரப்பினார்கள். பறித்த பிறகும் இந்தப் பூ மணம் விட்டுக்கொண்டே இருக்கும். கொழுப்பு அதைக் குடித்துக்கொள்ளும். கொதிக்க வைத்தால் மணம் கெட்டுவிடும் என்பதால் வந்த பொறுமை இது.

நம் குண்டுமல்லியின் அறிவியல் பெயர் ஜாஸ்மினம் சம்பக். சம்பக் என்றதும் நம் காதில் சண்பகம் விழும், அதுவல்ல. மல்லிகைத் தைலத்தைக் குறித்த 'ஸன்பக்' என்ற அரபிச் சொல் அது. முன்பாதி பாரசீகம், பின்பாதி அரபி. இவ்வளவு பூ விளைகிற மண்ணின் பேச்சு அந்தப் பெயரில் ஓர் எழுத்துகூட இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

பிச்சிக்குச் சங்கப் பெயர் பித்திகம். நெடுநல்வாடையில் மழைமேகம் சூரியனை மறைத்துவிடுகிறது; பொழுது தெரியவில்லை. தட்டில் பறித்து வைத்த பித்திக மொட்டு இதழ் விரித்து மணக்கிறது. அந்தி வந்துவிட்டதென்று பெண்கள் விளக்கேற்றுகிறார்கள்.