மின்காரும் வீட்டு எர்த்தும்
(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

மின்கார் என்றதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதே. அதனினும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. "உங்கள் வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா?" என்பதே அது.

மின்கார் நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. பெங்களூரில் உருவான ரேவா 2001-லேயே விற்பனைக்கு வந்தது. அதிலிருந்தவை ஈய-அமில மின்கலங்கள். என் தந்தை வாங்கியதோ, 2022-இல் அறிமுகமான டாட்டா டியாகோவின் சிறிய வகை. அதன் லித்தியம் மின்கலத் தொகுதி 19.2 யூனிட் கொள்ளும்.

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போய்வர 40 கிலோமீட்டர். அதற்குச் சுமார் 6 யூனிட் செலவாகிறது. மாதம் 25 நாள் என்றால், இரு மாதக் கணக்கில் 300 யூனிட் கூடும். தொடக்கத்தில் குறிப்பிட்ட அளவு இலவசமென்றாலும், அதற்குமேல் படிப்படியாக விலை ஏறுமென்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

முதல் நாளிரவு சார்ஜரைச் செருகினோம். சிவப்பு விளக்கு எரிந்தது, மின்சாரம் ஏறவில்லை. கார் பழுதென்று அப்பா கலங்கிப்போனார். சோதித்துப் பார்த்த எலக்ட்ரீஷியன், "கார்ல ஒண்ணுமில்லண்ணே. வீட்லதான் எர்த் இல்ல" என்றார்.

காரின் உடல் உலோகம். நிற்பதோ ரப்பர் சக்கரங்களில். மின்கசிவு ஏற்பட்டால், தொடுபவர் உடல் வழியாகவே மின்னோட்டம் தரைக்கு இறங்கும். ஆகவேதான் எர்த் இல்லையெனில் சார்ஜர் வேலை செய்ய மறுக்கிறது. எங்கள் கிரைண்டருக்கு அந்த அறிவில்லை. அம்மா இத்தனை ஆண்டுகளாக ஈரக்கையோடு அதைத் தொட்டுவந்தார்!

காரணம் எங்கள் கரிசல் மண். ஈரமிருக்கும்வரை அது மின்சாரத்தை ஏற்கும். கோடையில் வெடித்துக் காய்ந்தால் மின்தடை பன்மடங்கு உயரும். புதுக்குழி தோண்டி, இரும்புக் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கினோம். வாரந்தோறும் தண்ணீர் ஊற்றுவது இப்போது என் பொறுப்பு.

அடுத்தது ஒயர். சார்ஜர் 10 ஆம்பியர் இழுக்கிறது. அதாவது முப்பது மின்விசிறிகள் மணிக்கணக்கில் ஒரே ஒயரில் ஓடுவதற்குச் சமம். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்று ஜூல் விதியில் படித்திருக்கிறோம். எனவே எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனியே தடித்த செம்பு ஒயர் இழுத்து, கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்சும் பொருத்திவிட்டோம். இரவு பத்து மணிக்குமேல் செருகினால் மூன்று மணி நேரத்துக்குள் மறுநாளைக்கு வேண்டியது ஏறிவிடுகிறது.

நண்பர்களே, கார் வாங்குவது அவரவர் வசதி. ஆனால் கிரைண்டர் இல்லாத வீடில்லை. இந்த விடுமுறையில் ஊருக்குச் சென்றதும் உங்கள் வீட்டு எர்த்தை ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.