துண்டும் தொலைபேசியும்

மாத்தளைத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்த வழி, மன்னாரிலிருந்து காட்டினூடே தம்புள்ளையைத் தொட்டு வந்த வடக்குப் பாதையாகும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி அவ்வழியே நடந்து வந்தவர்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்களுடைய கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குப் போவதாயின், இன்னாருக்கு இவ்வளவு கடன், அதனைத் தீர்ப்பவர் இவரை அமர்த்திக்கொள்ளலாம் என்று எழுதிய தாளொன்று வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். அதிற் கண்ட தொகை சரியோ பிழையோ என்பதைக் கடன்பட்டவரே வாசித்தறிய இயலவில்லை. 1921இல் சட்டம் அம்முறையை ஒழித்தது.

துண்டு போயிற்று, வாசித்தறிய வேண்டிய தாள்கள் போகவில்லை. சம்பளச் சீட்டு உண்டு. அதிற் பிடித்த தொகைகள் உண்டு. ஐம்பது வயதான பெண்ணொருவர் தம் ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் படிவம் நிரப்ப வேண்டும். வங்கிச் செய்தியோ கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. தமிழ் எழுத்தை உரக்க வாசிக்கும் தொலைபேசியும் இன்று கிடைக்கிறது. அங்ஙனமாயின் முதியவர் எழுத்துக் கற்பானேன் என்று கேட்பாருளர். கருவி, முன்னே வைத்ததை வாசிக்கும். எந்த வரியைக் கூர்ந்து பார்க்க வேண்டும், எவ்விடத்தில் ஒப்பமிடலாகாது என்பவற்றை அது தானாகச் சொல்வதில்லை. பிறர் வாசிக்கக் கேட்டே வாழ்ந்த பழைய நிலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

ஆயினும் முதியோர் கல்விக்குக் கருவி செய்யக்கூடிய பேருதவி ஒன்றுண்டு. பேரப்பிள்ளையின் அரிச்சுவடியைக் கையிலெடுக்கப் பெரியவர்கள் கூசுவார்கள். அக்கூச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. அவருடைய சம்பளச் சீட்டையே படமெடுத்துப் பெரிதாக்கி, 'நாட்சம்பளம்', 'கழிவு', 'மிகுதி' என்னும் சொற்களை முதற்பாடமாக்கலாம். சொல்லைத் தொட்டால் ஒலி கேட்கும். விரலால் அதன் மேல் எழுதிப் பார்க்கலாம். பகல் முழுதும் கொழுந்தெடுத்து, அடுப்பு வேலையும் முடிந்தபின், லயத்தின் ஒரு மூலையில் அவர் அதே சொல்லை இருபது முறை கேட்டாலும் சலித்துக்கொள்வார் ஒருவருமில்லை. பொறுமையிற் சிறந்த ஆசிரியருக்கும் இது கடினமே.

இதற்கு வழிகாட்டியாக மலைநாட்டிலேயே ஒரு முயற்சி நடந்தது. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமுதாய வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தையும் ஒலிபரப்பையும் இணைத்தது. நேயர்கள் தம் ஐயங்களை அஞ்சலிலோ தொலைபேசியிலோ அனுப்புவர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, உள்ளூர் மொழியில் விளக்குவர். உடல்நலம் பற்றிய கேள்வியாயின் மருத்துவரை அழைத்து விளக்கச் செய்வர். கணினியைத் தொட்டறியாதவரும் அதன் பயனைப் பெற்றார். அவ்வானொலி பெரும்பாலும் சிங்களத்திற் பேசிற்று. மாத்தளைத் தோட்டங்களுக்கு அம்முறை தமிழில் வேண்டும்.

அன்று எழுத்தறியாதவர் அஞ்சலிற் கேட்க விரும்பினால், எழுதித் தருவார் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. இன்று தம் குரலையே பதிந்தனுப்பலாம். விடையும் குரலிலே வரட்டும். அதனோடு அவ்விடையிலுள்ள மூன்று நான்கு சொற்கள் பெரிய எழுத்தில் வரட்டும். அடுத்த முறை அவர் கேள்வியனுப்பும்போது அவற்றுள் ஒன்றையேனும் தம் கையால் எழுதியனுப்பும்படி ஆசிரியர் கேட்கலாம்.