எடைக்குக் கூலியா, பிரிப்புக்குக் கூலியா?

புனே நகரத்தின் பல பகுதிகளில் வீடு வீடாகச் சென்று குப்பை வாங்குவது ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவுச் சங்கம். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களே அதன் உரிமையாளர்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். 1993இல் தொழிற்சங்கமாகத் திரண்டவர்கள், 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு இந்தப் பணியை ஏற்றார்கள். வருமானம் இரண்டு வழியில் வருகிறது: வீடுகள் தரும் மாதக் கட்டணம், பிரித்தெடுத்த பொருளைக் காயலான் கடையில் விற்ற காசு. சமூகத் தொழில்முனைவால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆதாயம் என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது வருமானத்தைத்தான். பல ஊர்களில் லாரி ஒப்பந்ததாரருக்கு டன் கணக்கில் பணம் தருகிறார்கள். அங்கே எடை கூடினால் லாபம். சோற்றுக் கழிவோடு அட்டையும் பாட்டிலும் கலந்து கிடங்குக்குப் போனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சங்கத்துப் பெண்ணுக்கோ அட்டை நனைந்தாலே விலை போச்சு. அதனால் வாசலிலேயே மக்கும் குப்பையையும் மக்காததையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறார். பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வைத்துத் தரும்படி வீடுகளைப் பழக்கியதும் இவர்கள்தான். தெரியாமல் கைபட்டுவிடக் கூடாதே! கிடங்கின் சுமை குறைவது இந்தப் பெண்களின் பிழைப்போடு சேர்ந்தே நடக்கிறது.

குப்பையில் கைவைக்கும் வேலையே ஒழிய வேண்டும், எந்திரம் வரட்டும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் கலந்து நசுங்கிய குப்பையிலிருந்து எந்த எந்திரமும் சுத்தமான அட்டையை மீட்டுத் தராது. வேலை பறிபோனவருக்கு வேறு வேலை தானாக வந்துவிடுவதும் இல்லை. கையுறை, நிழலுள்ள பிரிப்புக்கூடம், தள்ளுவண்டிக்குப் பதில் பேட்டரி வண்டி என்று வேலையை மாற்றுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. வரி கட்டிய பிறகு தனிக் கட்டணம் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. பழைய பிளாஸ்டிக்கின் விலை சந்தையோடு ஏறி இறங்கும். விலை விழுந்த மாதத்திலும் குப்பை எடுக்க ஆள் வர வேண்டுமென்றால் நிலையான கூலி வேண்டும். கட்ட முடியாத குடிசைப்பகுதிகளுக்கு மாநகராட்சி ஈடுகட்டுவதே முறை. ஒப்பந்தக் காலம் முடியும்போதெல்லாம் பிழைப்பு ஊசலாடுவதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம். திண்டாட்டம் முழுக்கத் தொழிலாளர் தலையில் விழுகிறது.

சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட் போன்ற பல அடுக்குப் பிளாஸ்டிக்கைக் காயலான் கடை பெரும்பாலும் சீண்டுவதில்லை. அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள்மீது சுமத்தியுள்ளன. அதற்காகத் தயாரிப்பாளர்கள் செலவிடும் பணம் இடைத்தரகர்களோடு நின்றுவிடாமல், தெருவில் பொறுக்கி எடுப்பவர் கைக்குக் கிலோ கணக்கில் போய்ச் சேரும்படி அரசு ஒப்பந்தங்களை எழுத வேண்டும்.