உங்களுக்குத் தெரியுமா? – ஒரு ஸ்டட், 7 டன்!

★ பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மரக்கூரையில் 90 வகைப் பூக்கள்! அப்படியே வெளியே வந்து தக்கலைச் சாலையில் நில்லுங்கள். மலையேறப் போகும் பல லாரிகளின் இன்ஜினுக்குள் இன்னொரு அதிசயம் இருக்கிறது. இன்ஜினின் தலையான ஹெட்டை, அடியிலுள்ள பிளாக்கோடு பிடித்து வைக்கும் மரைக்கம்பி அது. அதன் பெயர் சிலிண்டர் ஹெட் ஸ்டட். பருமன் 12 மில்லிமீட்டர்தான். 10.9 தர எஃகு என்றால் அது தாங்கும் இழுவிசை 7 டன்!

★ இன்ஜினின் தலை ஏன் பறந்து போவதில்லை? 100 மி.மீ. விட்டமுள்ள டீசல் சிலிண்டரில் அழுத்தம் 150 பார் எட்டும்போது, ஹெட்டை மேலே தள்ளும் விசையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு சிலிண்டரில் 12 டன்!

★ அதுவும் ஒரு தடவையா, இரண்டு தடவையா? ஆறு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் 6,000 வெடிப்புகள். நாகர்கோவிலில் ஏறித் தக்கலை வழியாகத் திருவனந்தபுரம் போய் இறங்க இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். அந்தப் பயணத்துக்குள் 7,20,000 வெடிப்புகள்!

★ இத்தனையையும் அடைத்து நிற்பது எது? ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட். கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு பக்கம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் எரியும் வாயு. பக்கத்துத் துளையிலேயே ஓடும் தண்ணீர் 90 டிகிரி. நடுவில் இது மட்டும்தான்!

★ கேஸ்கெட் போய்விட்டதா? ஆயில் கேஜை உருவிப் பாருங்கள். கருப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் கலந்த சாயா நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. ரேடியேட்டரில் குமிழி, சைலன்ஸரில் விடாத வெள்ளைப் புகை இரண்டும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும்!

★ நட்டை முறுக்கினால் ஸ்டட் இறுகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஸ்டட் நீளுகிறது! 100 மி.மீ. ஸ்டட் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நீளும். நீண்ட எஃகு சுருங்கத் துடிக்கும் அந்த இழுப்புதான் ஹெட்டைப் பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கிறது. ஸ்டட் ஓர் எஃகு ஸ்பிரிங்!

★ இந்த ஸ்பிரிங் விதியைக் கண்டவர் ராபர்ட் ஹூக். யாரும் திருடிவிடக் கூடாதென்று 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அச்சிட்டார். விடையைச் சொன்னது 1678-ல்! 1601-ல் எழுந்த பத்மநாபபுரம் அரண்மனைக்கு அந்தப் புதிர் வெளியானபோது வயது 75!

★ நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரெஞ்சை இழுக்கும் பலத்தில் எவ்வளவு ஸ்டட்டை நீட்டுகிறது தெரியுமா? சுமார் 10 சதவீதம்தான்! ஏறக்குறைய பாதியை நட்டின் அடிப்பகுதி உராய்வு தின்றுவிடுகிறது. 40 சதவீதத்தை மரை தின்றுவிடுகிறது!

★ அதனால்தான் ஒரு சொட்டு ஆயில் கணக்கையே மாற்றுகிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) வைத்தால், உலர்ந்த மரையில் பிடிப்பு ஏறக்குறைய 4.2 டன். ஆயில் தடவிய மரையில் 5.7 டன்! அதே ரெஞ்ச், அதே கை, அதே முறுக்கு!

★ 100 நியூட்டன் மீட்டர் எவ்வளவு? ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 10 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு. அவ்வளவுதான்! அந்த 10 கிலோதான் டன் கணக்கில் பிடிப்பாகிறது!

★ ஸ்டட்டைப் பிளாக்கில் எவ்வளவு இறுக்க வேண்டும்? பல தயாரிப்பாளர்கள் சொல்லும் பதில்: விரலால்! டார்க் முழுவதும் மேலே போடும் நட்டுக்குத்தான்!

★ சில இன்ஜின்களில் ஸ்டட்டுக்குப் பதில் போல்ட். அது இறங்கும் துளையின் அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கி இருக்கிறதா? ஆபத்து! திரவம் அமுங்காது. போல்ட் இறங்க இறங்க அழுத்தம் ஏறி வார்ப்பிரும்புப் பிளாக்கே விரிசல் விடும். கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய 2 நிமிடம் போதும்!

★ இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு. மாற்றிச் செய்தால் ஹெட் வளைந்துவிடும்! எவ்வளவு வளைந்தால் குற்றம்? பல மேனுவல்களில் வரம்பு 0.05 மில்லிமீட்டரிலேயே தொடங்குகிறது!

★ அலுமினிய ஹெட்டும் வார்ப்பிரும்புப் பிளாக்கும் ஒன்றாகவே சூடாகின்றன. ஆனால் அலுமினியம் விரிவது இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! 400 மி.மீ. ஹெட் 80 டிகிரி சூடேறினால் முக்கால் மில்லிமீட்டர் நீளும். பிளாக் அதில் பாதிதான்!

★ வார்ப்பு நமக்குப் புதிதா என்ன? அரண்மனைக்குப் பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராகி, அந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்த்தார்!

★ குளச்சல் போர் நடந்து சரியாக 100 ஆண்டு. 1841-ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், மரைகளுக்குப் பொது அளவு வகுத்தார். அதற்கு முன் பட்டறைக்குப் பட்டறை வேறு வேறு மரை! அவருடைய மரைக் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி!

★ டார்க் ரெஞ்ச் பிறந்தது இன்ஜினுக்காக அல்ல! 1918-ல் நியூயார்க் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார், பூமிக்கடியில் குழாய் போல்ட்டுகள் அளவுக்கு மீறி முறுக்கப்படுவதைத் தடுக்க உருவாக்கினார் என்பார்கள்!

★ டார்க் ரெஞ்சுக்கும் ஆயுள் கணக்கு உண்டு. 5,000 முறை, அல்லது 12 மாதம். எது முந்துகிறதோ அப்போது அளவுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் அனுமதிக்கும் பிழை வெறும் 4 சதவீதம்!

★ சில இன்ஜின்களில் டார்க்கோடு வேலை முடியாது. அதற்கு மேல் 90 டிகிரி திருப்பு என்று மேனுவல் சொல்லும். 1.75 மி.மீ. மரையில் அந்தக் கால் சுற்று தருவது 0.44 மி.மீ. நகர்வு! இப்படி நிரந்தரமாக நீண்டுவிடும் போல்ட்டுக்கு ஒரே பிறவிதான். மறுபடி போட்டால் அறுந்து போகலாம்!

★ ஹை டென்சில் போல்ட் என்றால் வெளிநாடு என்று எண்ண வேண்டாம். சென்னைப் பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது 1966-ல்! 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு ரேடியேட்டர் மூடி போனதும் அதே நிறுவனத்திலிருந்துதான்!

★ மூடிதானே என்று அலட்சியம் வேண்டாம்! சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1 பார் மூடி போட்டால் 120 டிகிரிவரை கொதிக்காது. மூடி கெட்டால் தண்ணீர் குறையும். தண்ணீர் குறைந்தால் இன்ஜின் சூடேறும். சூடேறினால் கேஸ்கெட் போகும்!

★ ஆகவே, ஹெட் இறக்கிய வண்டியை எடுக்கப் போகும்போது மெக்கானிக்கிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். மரையைச் சுத்தம் செய்தீர்களா? மேனுவல் சொன்ன ஆயிலைத் தடவினீர்களா? டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கினீர்களா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு தைரியமாகக் கிளம்புங்கள்!