நிற்கும் வண்டியின் கணக்கு

முதலியார்பேட்டையில் வீடு, காலாப்பட்டில் படிப்பு. இப்படி ஒரு மாணவி தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடலூர் சாலையைப் பிடித்து, ஏ.எஃப்.டி. ரயில்வே கேட்டைக் கடந்து, ஊருக்குள் புகுந்து, ராஜீவ் காந்தி சிலை சதுக்கம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவாள். கோட்டக்குப்பத்தில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். பொம்மையார்பாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன எல்லைகள் அப்படி. வெயிலில் முக்கால் மணி நேரம் போக, முக்கால் மணி நேரம் வர. மீதி இருபத்திரண்டரை மணி நேரமும் அந்த வண்டி எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

வண்டி என்பது பெரும்பாலும் நிற்கிற பொருள் என்பதை எண்களால் எடுத்துச் சொன்னவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப். சராசரிக் கார் தன் ஆயுளில் 95 சதவீத நேரம் நிற்கிறது என்பது அவர் கணக்கு. இலவசமாக வண்டி நிறுத்துவதற்குச் சமூகம் கொடுக்கும் விலையைப் பற்றி 2005-இல் பெரிய புத்தகமே எழுதினார். தன் வளாகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடம் தேடுகிறவர்களையும் அவர் ஆராய்ந்தார். ஒருவர் தேடுவது சராசரியாக மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் பதினைந்தே தெருக்கட்டங்கள் கொண்ட அந்தச் சிறு பகுதியில், ஓராண்டில், இடம் தேடியே கார்கள் ஓடிய தூரம் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். நிலாவுக்கு நான்கு முறை போகிற தூரம் அது.

நம் மாணவி போய்ச் சேரும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி தொடங்கப்பட்டது. காலாப்பட்டில் கடலோரமாக ஏறத்தாழ 800 ஏக்கர். இவ்வளவு நிலம் இருக்கிற வளாகத்துக்கு வண்டி நிறுத்த இடமா பஞ்சம் என்று தோன்றும். வளர்கிற எந்த வளாகத்திலும் பஞ்சம் வருவது நிலத்துக்கு இல்லை. வகுப்புக் கட்டடத்தின் வாசலிலிருந்து ஐம்பதடிக்குள், வேம்போ புங்கையோ நிழல் தருகிற இடத்தில், காலை ஒன்பது மணிக்கு என்று எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்கிறார்கள். ஒரு மணி வெயிலில் நின்ற ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. தினமும் சக்கரம் ஏறி இறங்கும் மண் இறுகும், இறுகிய மண்ணில் காற்றும் நீரும் புகும் நுண்துளைகள் அடைபடும், வேர் மூச்சுத் திணறும். நிழலுக்காகக் கூடுகிறவர்களே சில ஆண்டுகளில் நிழலை இழப்பார்கள்.

சரி, இன்னொரு ஏக்கரில் தார் போட்டுவிடலாமே? திறந்தவெளியில் ஒரு காருக்கு, அது திரும்பி வெளியேறும் பாதையையும் சேர்த்து, 23 சதுர மீட்டர் ஒதுக்குவது நம் நகர்த் திட்டங்களில் வழக்கம். அறுபது பேர் உட்காரும் வகுப்பறைக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு கேட்பது 66 சதுர மீட்டர். ஆக மூன்று கார் நிற்கிற இடமும் அறுபது பேர் படிக்கிற இடமும் ஏறக்குறைய ஒன்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தக் கல்லூரி வாசலையும் பழைய கண்ணோடு பார்க்க முடிவதில்லை.

நிலத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தால் கதை மாறுகிறது. கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், ஒருவர் சாப்பிட்டு எழ இருபது நிமிடம் ஆகிறது என்றால் எப்போதும் இருநூறு இலை தேவை. வருகிற வேகத்தை இருக்கிற நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை வந்துவிடும். சமையற்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கணக்காகப் போடுவதுதான். அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961-இல் இதைக் கணிதமாக நிரூபித்தார். ஆட்கள் சீராக வந்தாலும் கும்பலாக வந்தாலும், ஒருவர் சீக்கிரம் எழுந்து இன்னொருவர் நிதானமாகப் பாயசம் சாப்பிட்டாலும், நீண்ட நேரச் சராசரியில் இந்த விதி பிசகாது. அதன் அழகே அங்கேதான் இருக்கிறது.

இதை வளாகத்துக்குள் கொண்டு வருவோம். ஒரு நாளைக்கு 2,400 வண்டிகள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒன்பது மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போனால் 2,400 இடம் வேண்டும். அதே வண்டிகள் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மணிக்கு 300 வீதம் வந்து, ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் நின்றால் 1,800 இடம் போதும். பாடவேளைகளைச் சிதறவிடாமல் ஒருவருக்குக் காலையில் மட்டும் அல்லது பிற்பகலில் மட்டும் என்று சேர்த்து அடுக்கி, நிற்கும் நேரம் மூன்று மணியாகக் குறைந்தால் 900. ஒரு மரத்தையும் வெட்டவில்லை, ஒருவரையும் வராதே என்று சொல்லவில்லை. கால அட்டவணை போடுகிற மேசையில் உட்கார்ந்து 1,500 வண்டிக்கான இடத்தை உண்டாக்கிவிடலாம். வளாகத்தில் போக்குவரத்தைத் தீர்மானிக்கிறவர்களில் முக்கியமானவர் அட்டவணை தயாரிக்கும் அலுவலர் என்பது என் உறுதியான எண்ணம். சாலைக் குழுக் கூட்டத்துக்கு அவரைத்தான் முதலில் அழைக்க வேண்டும்.

முதலியார்பேட்டைக்கு இது புதிய பாடம் இல்லை. 1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. பஞ்சாலை இந்த ஊரின் கடிகாரமாக இருந்தது. ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும், தொழிலாளர்கள் சைக்கிள் சைக்கிளாக வெளியே வருவார்கள், அடுத்த ஷிப்ட்காரர்கள் உள்ளே போவார்கள் என்று இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஷிப்ட் முறை வந்தது தறி சும்மா நிற்கக் கூடாது என்பதற்காக. ஆனால் வேலைக்கு வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க வேண்டியிராததால் சைக்கிள் கொட்டகைக்கும் அது உதவியாக அமைந்தது.

நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் சாலை எவ்வளவு மாறும் என்பதைப் பெங்களூரில் சோதித்தே பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாலாஜி பிரபாகரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் சிட்டி வளாகத்தில் ஆறு மாதத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். சுமார் 14,000 ஊழியர்கள். காலை எட்டு மணிக்குள் வந்தால் ஒன்றரைப் புள்ளி, எட்டிலிருந்து எட்டரைக்குள் வந்தால் ஒரு புள்ளி, வாரந்தோறும் புள்ளிக்காரர்களுக்குள் குலுக்கல் பரிசு. அபராதம் கிடையாது, தடை கிடையாது. எட்டு மணிக்குள் வருகிறவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. பேருந்தில் வருகிறவர்களின் சராசரிக் காலைப் பயணம் 71 நிமிடத்திலிருந்து 54 நிமிடமாகக் குறைந்தது. முன்னால் புறப்பட்டவர்கள் மட்டும் பயன் அடையவில்லை. வழக்கமான நேரத்துக்கே கிளம்பியவர்களின் பாதையும் லேசானது.

சிலர் விலகினாலே நெரிசல் இவ்வளவு இளகுவது ஏன்? டென்மார்க்கின் தொலைபேசிப் பொறியாளர் எர்லாங் 1909-இலேயே வரிசைகளின் கணிதத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு நுழைவாயிலில் காவலர் நிமிடத்துக்குப் பத்து வண்டிகளின் அடையாள அட்டையைப் பார்த்து அனுப்ப முடியும் என்று கொள்வோம். வண்டிகள் முன்பின்னாக வருவதும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் கூடிக்குறைவதும் இயல்பு. நிமிடத்துக்கு ஐந்து வண்டி வந்தால் வாயிலில் சராசரியாக நிற்பது ஒன்றுதான். ஒன்பது வந்தால் ஒன்பது நிற்கும். ஒன்பதரை ஆனால் பத்தொன்பது! வரத்து அரை வண்டி கூடியதற்கு வரிசை இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. கொள்ளளவின் விளிம்பில் இருக்கும் வாயில், சாலை, கேட் எல்லாமே இப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால்தான் நூற்றில் ஐந்து பேர் அரை மணி முன்பின்னாக வந்தாலே எல்லோரும் மூச்சு விடுகிறோம்.

ஏ.எஃப்.டி. கேட்டில் நிற்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். ரயில் போய் கேட் திறந்த பிறகும் பின்னால் நிற்பவர் உடனே நகர முடியாது. முன்வண்டி நகர்ந்த பிறகே அடுத்தது, அது நகர்ந்த பிறகே அதற்கடுத்தது. இப்படி நகர்வு என்பது ஓர் அலையாகப் பின்னோக்கி வருகிறது, ஏறக்குறைய மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில். இருநூறு மீட்டர் பின்னால் நிற்பவருக்கு அந்த அலை வந்து சேர நாற்பது விநாடி ஆகும். போக்குவரத்தை இப்படி அலையாகக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் பிரிட்டனின் லைட்ஹில்லும் விதமும், 1955-இல். நம் ஊரில் ஒரு கூடுதல் சிக்கல். கேட் மூடியிருக்கும்போது டூவீலர்கள் இண்டு இடுக்கில் புகுந்து எதிர்வரிசையையும் அடைத்து நிற்கின்றன. இருபுறமும் அப்படியே. திறந்ததும் இரண்டு கூட்டமும் தண்டவாளத்தின் மேல் முகத்துக்கு முகம் நிற்கின்றன, அலை புறப்படவே இடம் இல்லை. முன்னால் போய் மிச்சம் பிடித்த நிமிடத்தை எல்லோரும் அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள்.

வண்டியை நிறுத்துகிற இடத்திலும் கணிதம் ஒளிந்திருக்கிறது. ஒரு நீளமான சாலையோரம், கோடு எதுவும் இல்லை. ஒரே நீளமுள்ள கார்கள் ஒவ்வொன்றாக வந்து, கிடைத்த இடைவெளியில் மனம்போனபடி நிற்கின்றன. இனி ஒரு காரும் நுழைய முடியாது என்கிற நிலை வரும்போது சாலையோரத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கும்? ஹங்கேரியக் கணிதவியலாளர் ஆல்ஃபிரெட் ரேன்யி 1958-இல் விடை கண்டார்: சராசரியாக 74.76 சதவீதம். கால்வாசி இடம், யாருக்கும் பயன்படாத துண்டு துண்டு இடைவெளிகளாகப் போய்விடுகிறது. இதே வகைக் கணக்கை 1939-இல், நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் அடுத்தடுத்த அணுத்தொகுதிகள் ஜோடி சேருவதற்காகப் பால் ஃப்ளோரி போட்டிருந்தார். பின்னாளில் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மூலக்கூறும் மாருதி காரும் ஒரே குடும்பக் கணக்கில் வருவது எனக்கு இன்னும் வியப்புத்தான். அந்தக் கால்வாசியில் பெரும்பகுதியை மீட்க ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டு போதும். டூவீலருக்கும் அப்படியே. சைடு ஸ்டாண்டில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கிற வரிசையில் கோடு போட்டு ஒரே கோணத்தில் நிறுத்தச் சொன்னால், நடுவில் மாட்டிக்கொண்ட வண்டியை எடுக்க நான்கு வண்டியைத் தூக்கி வைக்கிற வேலையும் மிச்சம்.

வண்டியே இல்லாமல் வரச் செய்ய முடியுமா? 1959-இல் கிண்டிக் காட்டுக்குள் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. சைக்கிள், நடை, வளாகப் பேருந்து. புள்ளிமான் குறுக்கே போகிற சாலைகளுக்கு அதுதான் பொருந்தும். ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். ஆனால் ஐ.ஐ.டி. மாணவர்கள் பெரும்பாலும் விடுதியில் இருப்பவர்கள். முதலியார்பேட்டை மாணவிக்கு அந்தத் தீர்வு கைகொடுக்காது, அவளுக்குப் பேருந்து வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் வளாகத்துக்கு 2000-இல் உள்ளூர் மாவட்ட நிர்வாகம் ஒரு நிபந்தனை விதித்தது: கட்டடம் கட்டிக்கொள்ளுங்கள், உச்ச நேரத்தில் வரும் வண்டிகள் மட்டும் கூடக் கூடாது. இலவசப் பேருந்து, கார் அனுமதிச் சீட்டு வாங்காதவர்களுக்குச் சலுகை என்று அவர்கள் இறங்கினார்கள். 2002-இல் ஊழியர்களில் 72 சதவீதம் பேர் தனியாகக் காரில் வந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குள் அது ஏறக்குறைய 50 சதவீதமாகக் குறைந்திருந்தது.

புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் நகரிலிருந்து மாணவர்களுக்குப் பேருந்து விடுகிறது. பேருந்தின் எண்ணிக்கையைப் போலவே அதன் ஒழுங்கும் முக்கியம். இருபது நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால் நிறுத்தத்தில் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்போம். அதே எண்ணிக்கைப் பேருந்துகள் ஐந்து நிமிடம், முப்பத்தைந்து நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரிக் காத்திருப்பு ஏறக்குறைய பதினாறு நிமிடம். நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் வந்து மாட்டிக்கொள்கிறார்கள் என்பதே காரணம். அந்த ஆறு நிமிடத்தில்தான் ஒரு மாணவி அப்பாவிடம் ஸ்கூட்டர் கேட்கத் தொடங்குகிறாள்.

இதில் எந்த வளாகத்துக்கு எது பொருந்தும் என்பதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். புள்ளியியல் துறை மாணவர்கள் ஒரு நாள் செலவிட்டால் போதும். அரை மணிக்கு ஒருமுறை வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்து, நிற்கிற ஒவ்வொரு வண்டியின் பதிவெண்ணையும் தாளில் குறிக்க வேண்டும். ஒரே எண் எத்தனை சுற்றில் திரும்ப வருகிறது என்று பார்த்தால் ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு நேரம் நின்றது என்பது கிடைக்கும். லிட்டில் விதியில் பெருக்க வேண்டிய எண் அதுதான். ஆளில்லாத நிழலற்ற மூலை எது, பத்து மணிக்கே நிரம்பும் மரத்தடி எது என்பதும் தெரியும். பதிவெண்ணின் தொடக்கத்தையும் விடாமல் எழுதிக்கொள்ளட்டும். பிஒய் 01 என்றால் புதுச்சேரி, டிஎன் 31 என்றால் கடலூர், டிஎன் 32 விழுப்புரம், டிஎன் 16 திண்டிவனம். எந்தக் குறியீட்டில் தொடங்கும் வண்டிகள் காலையிலிருந்து மாலைவரை நகராமல் நிற்கின்றனவோ, அடுத்த பேருந்து அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து புறப்பட வேண்டும்.