வலிப்பின் ஊற்றுக்கண்

இழுப்பு என்றும் காக்காய் வலிப்பு என்றும் மக்கள் வழங்கும் நோய், மூளையின் நரம்புச் செல்கள் கட்டுக்கடங்காமல் ஒருசேர மின்துடிப்புகளை வெளியிடுவதால் வருவது. சிலருக்கு இத்துடிப்பு மூளையின் இரு பாதிகளிலும் ஒரே கணத்தில் எழுகிறது. வேறு பலருக்கோ விரல்நுனி அளவுள்ள ஓரிடத்தில் தொடங்கி, அங்கிருந்து அக்கம்பக்கம் பரவுகிறது. இரண்டாம் வகையினருக்கு அந்தத் தொடக்க இடத்தை, அதாவது வலிப்பின் ஊற்றுக்கண்ணை, கண்டறிய முடியுமா என்பதே சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்கிறது. ஏனெனில், நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மாத்திரைகளால் வலிப்பு முற்றிலும் அடங்குவதில்லை. அவர்களில் தகுதியானவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் அறுத்து அகற்றினால் வலிப்பு நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. விருதுநகரிலிருந்து சிவகாசி, சாத்தூர் வரை நீளும் பட்டாசு, தீப்பெட்டித் தொழில் வட்டாரத்தில் இதன் கனம் இன்னும் அதிகம். வெடிமருந்துக் கலவையைக் கையாளும் ஒருவர் அரை நிமிடம் நினைவு தப்பினாலும் அந்த அறையில் இருக்கும் அனைவரின் உயிருக்கும் ஆபத்து.

மூளையின் படம் கிடைத்துவிட்டால் காரணம் தெரிந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. அது எவ்வளவு பிழையாகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. உடலைச் சுற்றி எக்ஸ் கதிர்களைச் செலுத்திக் கணினியால் குறுக்குவெட்டுப் படம் ஆக்கும் சி.டி. ஸ்கேன் பரவிய காலத்தில், வலிப்போடு வந்த இந்திய நோயாளிகள் பலரின் படங்களில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான, வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி, சுற்றிலும் வீக்கத்தோடு தென்பட்டது. அது காசநோய்க் கட்டி என்றே பெரும்பாலும் கருதப்பட்டதால், நோயாளிகள் மாதக்கணக்கில் காசநோய் மருந்துகளை விழுங்கினார்கள். 1980களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அடங்கிய குழு, அத்தகைய புள்ளிகளை அறுவைமூலம் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அவற்றில் பல பன்றி நாடாப்புழுவின் இளம் பருவமான நீர்க்கொப்புளம் மடிந்துகொண்டிருக்கும் நிலை என்று தெரிய வந்தது. அறுக்காமல் விட்ட புள்ளிகள் பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே மறைந்தன. பன்றி இறைச்சியே உண்ணாதவருக்கும் இது வரக்கூடும் என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். புழுவைக் குடலில் சுமப்பவரின் மலத்தில் உள்ள முட்டைகள் கை, நீர், பச்சைக் காய்கறி வழியாக வாய்க்குள் போவதே மூளை வரை சென்று கொப்புளமாவதற்குக் காரணம்.

மாத்திரைக்கு அடங்காத வலிப்பில் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் வேறு. காதுக்கு மேலே, கன்னப்பொட்டுக்கு உள்ளே அமைந்த பொட்டு மடலின் உட்புறத்தில், கடற்குதிரையைப் போல வளைந்த ஹிப்போகேம்பஸ் என்னும் நினைவுப் பகுதி இருக்கிறது. காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியில், அந்த வளைவின் நீளத்துக்குக் குறுக்கே மெல்லிய வெட்டுகளாக எடுத்தால், நலமான பக்கத்தில் சுருட்டிய பாயின் விளிம்பைப் போன்ற அடுக்குகள் தெரியும்; தழும்பேறிய பக்கமோ சுருங்கி, அடுக்குகள் கலைந்து, அருகிலுள்ள திசுவைவிட வெண்மையாக ஒளிரும். பொதுவான தலை ஸ்கேனில் இவ்வெட்டுகள் இல்லாவிட்டால் அந்த வெண்மை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். மேலும், பழைய நாடாப்புழுக் கொப்புளம் சுண்ணாம்பாக உறைந்த தழும்பும் சுருங்கிய ஹிப்போகேம்பஸும் ஒரே மூளையில் இருப்பதுண்டு. இரண்டில் எது குற்றவாளி என்பதைப் படம் தனியே சொல்லாது.

அதைச் சொல்ல வலிப்பையே நேரில் பிடிக்க வேண்டும். நோயாளியை மருத்துவமனையில் நாட்கணக்கில் தங்கவைத்து, உச்சந்தலை முழுதும் மின்முனைகளை ஒட்டி, காணொளியையும் மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி.யையும் ஒருசேர எடுக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. களங்கமற்றிருந்தால், கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் கைகொடுக்கிறது; வலிப்பில்லா வேளையில் நோயுற்ற பகுதி சர்க்கரையைக் குறைவாக எரிப்பதால் மங்கித் தெரியும். ஸ்பெக்ட் என்னும் முறை இதற்கு நேர்மாறானது. இரத்த ஓட்டம் பெருகும் இடத்தில் தங்கிவிடும் கதிரியக்க மருந்தை, வலிப்பு தொடங்கிய சில நொடிகளுக்குள் நரம்பில் ஏற்ற வேண்டும் என்பதால், நிரப்பிய ஊசியோடு செவிலியர் கட்டிலருகே காத்திருப்பார். மருந்து மூளைச் செல்களில் பதிந்துவிடுவதால், வலிப்பு அடங்கியபின் நிதானமாகப் படமெடுத்தாலும் அந்த நொடியின் நிலையே தெரியும். ஊசி தாமதமானால் ஊற்றுக்கண்ணுக்குப் பதிலாக, வலிப்பு பரவிச் சென்ற இடம் ஒளிர்ந்து ஏமாற்றும்.

இந்தியாவில் ஊற்றுக்கண்ணைத் தேடி அறுத்தெடுக்கும் இப்பணிக்கு வேர் வேலூரில் இருக்கிறது. மான்ட்ரியாலில் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் அங்கே நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கி, 1950களில் வலிப்புக்கான அறுவையையும் செய்தார். விருதுநகருக்கு எட்டும் தொலைவில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் இது முறையான திட்டமாக நடக்கிறது. அறுப்பதற்கு முன், பேச்சும் நினைவும் எந்தப் பக்கத்தில் தங்கியுள்ளன என்பதை, நோயாளி சொற்களை நினைக்கும்போதே இயக்க எம்.ஆர்.ஐ. எடுத்து அறிகிறார்கள்.

இத்தனை கருவிகளுக்கும் திசை காட்டுவது பெரும்பாலும் வீட்டார் கண்ட காட்சியே. வலிப்பு வந்ததும் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கத்தால் பயனேதும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு உற்றுப் பார்ப்பதில் பயன் இருக்கிறது. வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவதாகச் சொல்லி, விழி நிலைகுத்தி, வாய் வெறுமனே மெல்லத் தொடங்கி, இடது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்க வலது கை முறுக்கி விறைத்துக்கொண்டால், இடப்பக்கப் பொட்டு மடலின் மேல் சந்தேகம் விழுகிறது. அதை அலைபேசியில் பதிந்து கொண்டுவரும் குடும்பத்தினரிடம் நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்பது, எந்தக் கை முதலில் முறுக்கியது என்பதைத்தான்.