பாறை விரிசலில் பயணம் போன புளுட்டோனியம்

1968 டிசம்பர் 19. அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், பஹூட் மேசா மேட்டுநிலத்துக்குக் கீழே சுமார் 1.4 கிலோமீட்டர் ஆழத்தில் ‘பென்ஹாம்’ என்ற அணுகுண்டு வெடித்தது. ஆற்றல் 1.15 மெகாடன். சுற்றியிருந்த பாறை உருகிக் கண்ணாடியாக இறுகியது. எஞ்சிய புளுட்டோனியத்தின் பெரும்பகுதி அதற்குள் சிக்கிக்கொண்டது. புளுட்டோனியம் நீரில் மிக அரிதாகவே கரையும். பாறையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அது இடத்தைவிட்டு அசையாது என்றே நெடுங்காலம் கணக்குப் போட்டிருந்தார்கள்.

1990-களில் அந்தக் கணக்கு பொய்த்தது. வெடித்த இடத்திலிருந்து 1.3 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் புளுட்டோனியம் தென்பட்டது. சந்தேகம் முதலில் போயிருக்க வேண்டியது, கிணறுகளுக்கு வெகு அருகில் 1975-இல் வெடித்த ‘டைபோ’ என்ற குண்டின் மீதுதான். ஆனால் ஒவ்வொரு குண்டிலும் புளுட்டோனியம் 239, 240 ஆகிய இரு ஐசோடோப்புகளின் விகிதம் வேறுபடும். கிணற்று நீரில் இருந்த விகிதம் டைபோவுடன் பொருந்தவில்லை; பென்ஹாமுடன் பொருந்தியது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தின் ஆனி கெர்ஸ்டிங் குழு 1999-இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டது. அளவு மிகமிகச் சொற்பம். என்றாலும் அது எப்படி வந்தது?

நீரை மிக நுண்ணிய வடிகட்டிகளில் விட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. புளுட்டோனியம் ஏறக்குறைய முழுவதும் வடிகட்டியில் தங்கிவிட்டது. அது கரைந்து வரவில்லை. களிமண், சியோலைட் போன்ற கனிமங்களின் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

இவற்றைக் கூழ்மத் துகள்கள் என்கிறது அறிவியல். அளவு ஒரு நானோமீட்டரிலிருந்து ஒரு மைக்ரான் வரை. ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரான். இவ்வளவு சிறிய துகளை நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் ஓயாமல் மோதி அலைக்கழிப்பதால், அது எளிதில் அடியில் படியாது.

மணல் இவற்றைத் தடுக்காதா? பெருமளவு தடுக்கும். ஆனால் மணற்பரல்களின் இடுக்கைவிடத் துகள் பெரிதாக இருப்பதால் மட்டும் அல்ல. பெரிய துகள் தன் எடையால் படிகிறது, அல்லது பரலை உரசிச் சிக்குகிறது. மிகச் சிறியது அலைக்கழிந்து அலைக்கழிந்து பரலில் மோதி ஒட்டுகிறது. நடுவே, ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவுள்ளதுதான் இரண்டுக்கும் தப்பி அதிக தூரம் போகிறது. பல பாக்டீரியாக்களின் அளவும் கிட்டத்தட்ட அதுவே.

மோதினாலும் ஒட்ட வேண்டுமே! நிலத்தடி நீரில் களிமண் துகளும் மணற்பரலும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். நீரில் உப்பு மிகுந்தால் அந்த விலக்கம் தளர்ந்து துகள் ஒட்டிக்கொள்ளும். உப்பு குறைந்த நன்னீர் புகுந்தால், ஒட்டியிருந்தவையும் கழன்று மறுபடி கிளம்பும்.

விரிசல் விட்ட பாறையில் கதையே வேறு. அகலம் இரண்டு மடங்கானால், மற்றவை மாறாதபோது, விரிசலில் ஓடும் நீரின் அளவு எட்டு மடங்காகும். நீரில் கரைந்த பொருள் விரிசலின் இருபுறமும் உள்ள நுண்துளைகளுக்குள் ஊடுருவித் தாமதப்படும். கூழ்மத் துகளால் அந்தத் துளைகளுக்குள் எளிதில் நுழைய முடியாது. கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குபவரைவிட நேரே நடப்பவர் முந்துவதுபோல, கரைந்த பொருளையும் முந்திக்கொண்டு அது போய்விடும்.

பாக்டீரியாவும் இப்படி விரிசல் வழியே விரையும். கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூர் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2000 மே மாதம் பெய்த கனமழை, அருகிலிருந்த பண்ணையின் மாட்டுச் சாண எருவிலிருந்த ஈ.கோலை O157 பாக்டீரியாவை நிலத்துக்குள் இறக்கியது. கீழே விரிசல்கள் நிறைந்த பாறை. ஆழம் குறைந்த ஊர்க்கிணறு. வடிகட்ட வேண்டிய நிலம் வடிகட்டவில்லை. குளோரினும் போதிய அளவு இல்லை. ஏழு பேர் இறந்தார்கள். 2,300-க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிடுவோருக்கும் இதே கவலை. சுவிட்சர்லாந்தின் கிரிம்சல் மலைக்குள் 1984 முதல் இயங்கும் ஆய்வுக்கூடத்தில், கருங்கல்லின் ஒரு விரிசலுக்குள் பென்டோனைட் களிமண் துகள்களோடு புளுட்டோனியத்தையும் அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டு மீட்டருக்குச் சற்று அப்பால் நீரை உறிஞ்சியபோது, அவற்றில் ஒரு பகுதி துகள்களோடு வந்து சேர்ந்தது.

பென்டோனைட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பின்லாந்தின் ஓன்கலோ அணுக்கழிவுக் கிடங்கில் 400 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், செம்புக் கலங்களில் அடைத்த கழிவைச் சுற்றி அரணாக வைக்கத் தேர்ந்திருப்பதும் அதே களிமண்தான். நனைந்தால் உப்பி இடைவெளியை அடைக்கும். ஆனால் உப்பு மிகக் குறைந்த நீர் விரிசல் வழியே வந்து மோதினால், அந்தக் களிமண்ணே துகள்துகளாகப் பிரிந்து வெளியேறலாம். அப்படிப்பட்ட நீர் எப்போது வரும்? அடுத்த பனியுகத்தின் பனிப்பாறைகள் உருகும்போது. புளுட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,100 ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த உருகுநீரில் உப்பு எவ்வளவு இருக்கும் என்பதையும் இன்றைய பாதுகாப்புக் கணக்குகளில் சேர்த்திருக்கிறார்கள்.